கோத்தகிரிப் பனியில் ஒன்பது வருடம்: இரண்டு பவர் காது மெஷின்களோடு என் அனுபவம்

கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் காசநோய் வந்து மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் போயிற்று, கேட்கும் திறனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே போயிற்று. ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகள் சிலருக்கு உட்காதின் நுண்ணிய மயிர்ச் செல்களைக் கெடுத்துவிடும், கெட்டது மறுபடி முளைக்காது என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஊசி இல்லாமல் இருந்திருந்தால் இன்று நான் இல்லை, அதனால் அதன்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

கடைசியாக எடுத்த ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறன் சோதனை வரைபடத்தில், வலது காதின் இழப்பு 76 டெசிபல், இடது காதில் 88. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்கில் 65 முதல் 80 வரை கடுமையான குறைபாடு, 80 முதல் 95 வரை மிகக் கடுமையானது. ஆக என் இரண்டு காதும் இரண்டு வகுப்பில் இருக்கின்றன.

இந்தக் காதுகளுக்கு 2016-இல் ஒரு ஜோடி மெஷின், 2021-இல் இன்னொரு ஜோடி வாங்கினேன். இரண்டும் காதுக்குப் பின்னால் மாட்டுகிற, ஒலியை அதிகம் பெருக்கிக் கொடுக்கும் பவர் வகை, இரண்டும் நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 பேட்டரி செல்லில் ஓடுபவை, ஆனால் வேறு வேறு கம்பெனி. இந்த வகையில் ஃபோனாக்கின் நைடா, ஓட்டிகானின் எக்ஸீட், ரீசவுண்டின் என்ஸோ என்று பல வரிசைகள் உண்டு. என்னுடையவை எவை என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஒரே மாடல் ஒருவர் காதில் தெளிவாகவும் இன்னொருவர் காதில் வெறும் இரைச்சலாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெயரைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு யாரும் வருத்தப்படக் கூடாது. இங்கே பழையது, புதியது என்றே சொல்கிறேன்.

பழையதுக்கு முன்னால் பல வருடம் பாக்கெட் மெஷின்தான். சட்டைக்குள் தொங்கும் அது துணி உரசுவதை எல்லாம் காதுக்குள் கொண்டுவந்து கொட்டும். நாளெல்லாம் துணியோடு இருக்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் 2016-இல் பழையதைக் காதில் மாட்டிய அன்று, மழை தகரத்தில் விழுவது தனியாகவும் என் மகள் பேசுவது தனியாகவும் கேட்டதும் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆனால் சத்தம் கேட்பதும் சொல் புரிவதும் ஒன்றல்ல என்பது அடுத்த வாரமே தெரிந்தது. கடையில் அளவு எடுக்கும்போது ஒரு அக்கா, "போன தடவை மாதிரியே உயரம் பதினாலு வச்சிரு" என்றார். நான் பதினாறு வைத்துத் தைத்துவிட்டேன். பதினாலு, பதினாறு. உதட்டைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, காதிலும் ஒரே ஒரு எழுத்துதான் மாறுகிறது. படம், மடம் என்பவையும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ம என்பதன் மூக்கொலி அடிக்குரலில் இருப்பதால் மெஷின் அதைப் பிடித்துக் கொடுத்துவிடும். பத்து, பட்டு என்பதில்தான் திணறல். வித்தியாசத்தைச் சொல்கிற ஒலித்துணுக்கு மேல் சுருதியில் இருக்கிறது, அந்தப் பகுதியில்தான் என் காதில் செல்களே மிச்சமில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. மெதுவாகப் பேசினால் கேட்காது, கொஞ்சம் உரக்கப் பேசிவிட்டால் தலைக்குள் இடிக்கும். நரம்புக் குறைபாடு உள்ள காதில், கேட்கத் தொடங்குகிற அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவே இடம் மிகக் குறுகலாக இருக்கும். பவர் மெஷின்கள் பரிசோதனை அளவில் 140 டெசிபலைத் தாண்டியும் ஒலி கொடுக்கக் கூடியவை, சாதாரணப் பேச்சு 60 டெசிபல் சுமார். இவ்வளவு பலம் கையில் இருக்கும்போது உச்ச அளவை எங்கே நிறுத்துவது என்பதை ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைப் பொருத்தித் தருகிற நிபுணர், அளந்து வைக்க வேண்டும். முதல் மூன்று மாதம் யாரும் அதை எனக்கு அளந்து வைக்கவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைக்கிற சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடும். பிறகு கோவையில் ஒரு அம்மா, காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு மெஷின் உண்மையில் என்ன ஒலி கொடுக்கிறது என்று அளந்து மாற்றிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை, ஆனால் மெஷினே மாறிவிட்டது போல இருந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த அளவீடு செய்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புதியது மேல் சுருதி ஒலிகளைக் கீழே இறக்கிக் கொடுக்கும். ஃபோனாக் 2007-இல் நைடாவோடு கொண்டுவந்த அதே எண்ணம், இப்போது பெரும்பாலான கம்பெனிகளிடம் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. எனக்குக் கேட்காத இடத்தில் இருக்கும் ஒலியைக் கேட்கிற இடத்துக்குக் கொண்டுவருகிறது. முதல் ஒரு மாதம் அரிசி என்றால் "அரிஷி" என்றே கேட்டது. சாவி, பசி, சரி எல்லாமே அப்படித்தான். கழற்றி எறிந்துவிடலாம் என்று தோன்றும், எறியாதீர்கள். ஆறாவது வாரத்தில் மூளை பழகிவிட்டது. இப்போது பேச்சில் ஸ வரும்போது அது அங்கே இருக்கிறது என்று தெரிகிறது. முப்பது வருடமாக அந்த எழுத்து எனக்கு இல்லாமலே இருந்தது. குக்கர் சீறுவதும் ஜிப் இழுப்பதும் கேட்கிறது. அவர்கள் சொற்களை வாசிக்க நாம் கேட்டுத் திருப்பிச் சொல்கிற சோதனையில் பழையதோடு 25-க்கு 11, புதியதோடு 16.

பதினாலும் பதினாறும் மட்டும் தீரவில்லை. அளவை நோட்டில் எழுதி வாடிக்கையாளரிடம் காட்டி, தலையாட்டிய பிறகுதான் கத்தரியை எடுக்கிறேன்.

எல்லாவற்றிலும் புதியதுதான் மேல் என்று நினைத்துவிட வேண்டாம். கோத்தகிரியில் இருக்கிறவர்களுக்குக் காட்டுமாடும் கரடியும் ஊருக்குள் வருவதைச் சொல்லத் தேவையில்லை. கடையடைத்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்து வழியாக வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு எச்சரிக்கை என்பது நாய் குரைப்பதுதான். 2021 நவம்பரில் ஒரு சாயங்காலம், மேல் வீட்டு நாய் விடாமல் குரைத்திருக்கிறது. எனக்கு அது தூரத்தில் யாரோ இருமுவது போலத்தான் கேட்டது. திருப்பத்தில் காட்டுமாடு ஒன்று பத்தடியில் நிற்கிறது. பின்னால் வந்த தம்பி ஒருவர் சேலையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தேன்.

ஆடியாலஜிஸ்டிடம் சொன்னதும் காரணம் விளங்கியது. புதியது முன்னால் நிற்பவரின் பேச்சைத் தெளிவாக்குவதற்காகப் பின்பக்கத்து ஒலியைக் குறைக்கிறது, திடீரென்று வரும் சத்தத்தையும் மட்டுப்படுத்துகிறது. நான்கு சுவருக்குள் அது வரம், காட்டு வழியில் ஆபத்து. எல்லாப் பக்கமும் கேட்கும்படியும், அந்த அடக்கல் இல்லாமலும் இரண்டாவது புரோகிராம் ஒன்று வைத்துக் கொடுத்தார். கடைக் கதவைப் பூட்டியதும் பொத்தானை ஒரு தடவை அழுத்துவது இப்போது கை தானாகச் செய்கிறது. மலையில் இருப்பவர்கள் வாங்குகிற அன்றே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழையதில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் இல்லை, அதனால் இந்தச் சிக்கலும் இல்லை.

பனி அடுத்த விஷயம். காதுக் குழிக்கு அச்சு எடுத்துச் செய்கிற அடைப்பானை மோல்டு என்பார்கள், மெஷினின் ஒலி ஒரு ட்யூப் வழியாக அதற்குள் வருகிறது. காதுக்குள் சூடான ஈரக்காற்று, வெளியே ட்யூபைச் சுற்றிக் குளிர். டிசம்பரில் காலை ஏழு மணிக்கு வாசலில் இறங்கினால் பத்து நிமிடத்தில் ட்யூபுக்குள் நீர்த்துளி கோத்துக்கொள்ளும். ஒரு துளி போதும், ஒலி அப்படியே அறுந்துவிடும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து முதல் குளிர்காலத்தில் இரண்டு தடவை பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போயிருக்கிறேன். கெடவில்லை, நீர்தான். ரப்பர் குமிழ் போல ஒரு ஊதி விற்கிறது. மோல்டை மெஷினிலிருந்து கழற்றி, அதைக் கொண்டு ட்யூபை ஊதினால் துளி வெளியே வந்துவிடும். மெஷினுக்குள் மட்டும் ஊதக் கூடாது. ராத்திரி மெஷினைச் செல் மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். செல்லை அந்த டப்பாவில் வைக்க மாட்டேன். காற்றை உறிஞ்சி ஓடுகிற செல் அது, ரொம்ப உலர்ந்தாலும் கெடும், ரொம்ப ஈரத்திலும் கெடும். ஸ்டிக்கரை உரித்ததும் ஐந்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு போட்டால் நாள் கூட ஓடுகிறது. குளிரில் செல் சீக்கிரம் சோர்ந்துவிடும், மாற்றுச் செல்லை ஸ்வெட்டரின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வேன். பழையது ஒரு செல்லில் இரண்டு வாரம் தாண்டும். புதியதில் போன் நேராக மெஷினுக்குள் பேசுவதால் பத்து நாள்தான்.

சார்ஜ் போடுகிற மாடல் வாங்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்த ஊரில் நான் அதை நம்பவில்லை. ஒலிபெருக்கி காதுக்குள்ளேயே உட்காரும் மெல்லிய கம்பி வகையும் பார்க்க அழகுதான், ஆனால் ஈரமும் காதழுக்கும் நேராக அதில் போய் இறங்கும்.

குல்லா, மஃப்ளர் இல்லாமல் இங்கே வெளியே இறங்க முடியாது. கம்பளி மைக்கை மூடினால் கரகரப்பு, அழுத்தினால் விசில். லைக்ரா துண்டில் மெஷின் அளவுக்குச் சின்ன உறை தைத்துப் போட்டேன், குல்லாவில் மெஷின் வரும் இடத்தைப் பிரித்து மல் துணி வைத்துத் தைத்தேன். உரசல் பாதியாகக் குறைந்தது, பனியும் நேராகப் படுவதில்லை. இதுவரை நான்கைந்து பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

மோல்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். மெஷினுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கொடுத்தேன், மோல்டு அதில் ஒரு சின்னப் பங்கு. ஆனால் மோல்டு நூலளவு தளர்ந்தாலும் ஒலி வெளியே கசிந்து, மைக்கில் புகுந்து, விசில் அடிக்கும். விசிலை நிறுத்த வேண்டும் என்று ஒலியைக் குறைத்துவிடுவார்கள், பிறகு பவர் மெஷின் வாங்கி என்ன பயன்? 2018-இல் பழையது "பலம் குறைந்துபோச்சு, மாத்துங்க" என்றார் ஒரு கடைக்காரர். நான் அந்த வருடம் இளைத்திருந்தேன், காதுக் குழியும் மாறியிருந்தது. புதிதாக அச்சு எடுத்து மென்மையான சிலிக்கான் மோல்டு போட்டதும் அதே மெஷின் பழையபடி பேசியது. இன்னும் மூன்று வருடம் அதையே ஓட்டினேன். அச்சு எடுக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்காராமல், மெல்லுவது போலத் தாடையை அசைத்துக் காட்டுங்கள். தாடை அசையும்போது காதுக் குழியின் வடிவம் மாறும், அந்த இடத்தில்தான் சாப்பிடும்போது விசில் வரும். ட்யூபும் தடித்த சுவர் உள்ளதாகக் கேளுங்கள், மெல்லிய ட்யூபின் சுவர் வழியாகவே ஒலி கசியும். மஞ்சளாகி இறுகினால் மாற்ற வேண்டியதுதான், எனக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை.

ஒரே ஒரு சங்கடம், இப்படிக் காற்றுப் புகாமல் அடைக்கிற மோல்டோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் காது அடைத்துக்கொண்டு வலிக்கும். கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் அரவேனு வரும் வரைக்கும் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர், 70 டெசிபலை எட்டிவிட்டால் காது கேளாதவர். ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்திருங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக இலவச மெஷினும் கிடைக்கும், வாங்கினால் அதன் மோல்டையும் செட்டிங்கையும் விடாமல் சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியதுக்கு இப்போது நான்கு வருடம் ஆகிறது. பழையது இன்னும் ஓடுகிறது, கடையில் இரண்டு தையல் மெஷினும் ஒன்றாக ஓடும் நாளில் புதியது படபடவென்று தன்னைத் தானே மாற்றிக்கொண்டே இருப்பது களைப்பாக இருக்கும், அப்போது பழையதைத்தான் மாட்டுகிறேன். வீட்டில், கல்யாணத்தில், மகளோடு போனில் என்றால் புதியது. இடது காதுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது அறுவை செய்து உட்காதுக்குள் பொருத்துகிற கருவி, பற்றி யோசிக்கச் சொல்லியிருக்கிறார் ஆடியாலஜிஸ்ட். மெஷின் போட்டும் சொல் புரிவது இன்னும் குறைந்தால்தான் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். இப்போதைக்கு இடது மோல்டு மறுபடி தளர ஆரம்பித்திருக்கிறது, பொங்கலுக்குத் துணி குவிவதற்குள் அச்சு எடுக்கக் கீழே இறங்க வேண்டும்.