மைரெப்போஸ்: ரெப்போவுக்குள் ரெப்போ வைத்திருப்பவர்களுக்கு

சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் குழு எங்களுடையது. கல்லடியில் ஓர் அறை இருக்கிறது, மற்றப்படி ஆளுக்காள் வீட்டிலிருந்துதான் வேலை. மென்பொருளின் நடுப்பகுதி எல்லா ஆலைக்கும் ஒன்றே. ஆனால் நெல்லின் ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பது, மூட்டை தூக்கிய கூலியை யார் கணக்கில் எழுதுவது, பற்றுச்சீட்டில் என்னென்ன வர வேண்டும் என்பதெல்லாம் ஆலைக்கு ஆலை வேறு, அதுவும் ஒரு முதலாளியின் கணக்குமுறை பக்கத்து ஆலைக்காரருக்குத் தெரியவே கூடாது. ஆகவே நடு ரெப்போவுக்குள் (ரெப்போ என்பது கோட்டும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்) ‘ஆலைகள்’ என்றொரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வோர் ஆலைக்கும் தனி ரெப்போ. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரே ரெப்போவாக வைக்கும் வழி எங்களுக்கு இல்லை. இப்படிப் பல ரெப்போக்களை ஒரே கட்டளையில் கையாளும் மைரெப்போஸ் என்ற கருவியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்படி வைத்தால், கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் சும்மா இருக்காது. உள்ளே இருக்கும் ரெப்போவை கவனிக்காமல் யாராவது எல்லாக் கோப்புகளையும் சேர்க்கும் ‘கிட் ஆட்’ கட்டளையைப் புள்ளியோடு அடித்துவிட்டால், கிட் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு அந்த ஃபோல்டரின் கோப்புகளை விட்டுவிடும், அதன் அப்போதைய கொமிட் (பதிந்த மாற்றம்) எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளும். எச்சரிக்கையை யார் வாசிக்கிறார்கள்? அக்கரைப்பற்றில் இருக்கும் எங்கள் கூட்டாளி நடு ரெப்போவைப் புதிதாகக் குளோன் செய்துவிட்டு (பிரதி எடுத்துவிட்டு), “மச்சான், ஃபோல்டர் வெறுமையாக் கிடக்கு, ஆலைட கோட் எங்க?” என்று போன் எடுத்தது இதனால்தான்.

இதற்குக் கிட் தரும் அதிகாரபூர்வ வழி சப்மொடியூல், அதாவது ஒரு ரெப்போவுக்குள் இன்னொன்றை அதன் கொமிட் எண்ணோடு கோர்த்து வைப்பது. 2007 இலிருந்து கிட்டுக்குள்ளேயே இருக்கிறது, காசு பணம் வேண்டாம், தனியாக எதையும் நிறுவவும் வேண்டாம். அதை முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்த நடுப்பகுதியோடு எந்த ஆலை ரெப்போ ஓடியது என்பதை கொமிட் அளவுக்குத் துல்லியமாக வைத்திருக்க அதைவிட நல்ல வழி இல்லை. தொல்லை எங்கே என்றால், அப்டேட் செய்தவுடன் உள் ரெப்போ எந்தக் கிளையிலும் (கோட் வளரும் தனித்தடம்) நிற்காமல் அந்தரத்தில் நிற்கும். அந்த நிலையில் கோட் எழுதி கொமிட் போட்டு, அப்புறம் அடுத்த அப்டேட்டையும் அடித்தால் அந்த கொமிட்டை ரெஃப்லொக் என்ற கிட்டின் உள் குறிப்பேட்டில் போய்த் தேட வேண்டியதுதான். அதுபோக ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் உள்ளே ஒரு கொமிட், வெளியே ஒரு கொமிட், வெளியில் உள்ளதை மட்டும் சேர்வருக்குப் புஷ் பண்ணிவிட்டு (அனுப்பிவிட்டு) உள்ளே உள்ளதை மறந்தால் மற்றவர்களுக்கு அப்டேட்டே ஓடாது. பெரும்போக அறுவடை முடிந்து ஆலைகள் இராப்பகலாய் ஓடும் நேரத்தில் இந்தச் சடங்கெல்லாம் யாருக்கும் சரிப்படாது.

ஆண்ட்ராய்டுக்காக கூகிள் செய்த ‘ரெப்போ’ கருவியையும் பார்த்தோம். ரெப்போக்களைப் பட்டியலிடும் எக்ஸ்எம்எல் மேனிஃபெஸ்ட், அதை வைக்கத் தனி ரெப்போ, கெரிட் என்ற கோட் பரிசீலனைத் தளத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட நடைமுறை. பெரிய நிறுவனத்துக்குச் சரி, எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையில்லாத சுமை.

மிஞ்சியது மைரெப்போஸ். ஜோயி ஹெஸ் என்பவர் பேர்ல் மொழியில் எழுதியது. கட்டளை ‘எம்ஆர்’ என்ற இரண்டே எழுத்து. ஒரு ரெப்போவுக்குள் நின்று ‘எம்ஆர் ரெஜிஸ்டர்’ அடித்தால் அது எங்கே இருக்கிறது, எங்கிருந்து குளோன் செய்வது என்பதை அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளும். கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், சதுர அடைப்புக்குள் ஃபோல்டரின் பாதை, கீழே குளோன் கட்டளை, அவ்வளவே.

எனக்கு மிகவும் பிடித்தது அது இடம் பார்த்து நடப்பது. நடு ரெப்போவின் உச்சியில் நின்று ‘எம்ஆர் அப்டேட்’ அடித்தால் அதையும் அதற்குள் இருக்கும் எல்லா ஆலைகளையும் இழுத்து வரும். ஓர் ஆலையின் ஃபோல்டருக்குள் போய் அதையே அடித்தால் அந்த ஆலை மட்டும். ஒன்றில் சிக்கல் வந்தாலும் மற்றவற்றை நிறுத்தாது, கடைசி வரியில் எத்தனை சரி, எத்தனை தோல்வி என்று சொல்லிவிடும். ஜே என்ற தெரிவோடு ஓர் எண்ணைக் கொடுத்தால் அத்தனை ரெப்போக்களை ஒரே நேரத்தில் இழுக்கும். எல்லோருக்கும் எல்லா ஆலையும் தெரிய வேண்டியதில்லை என்பதால் ஆளுக்கோர் அமைப்புக் கோப்பு வைத்திருக்கிறோம், ‘ஸ்கிப்’ என்ற வரியாலும் இதைச் செய்யலாம். உள் ரெப்போ தன் சொந்த அமைப்புக் கோப்போடு வந்தால் ‘செயின்’ போட்டு அதையும் படிக்க வைக்கலாம். அந்தக் கோப்பில் ஷெல் கட்டளை எதையும் எழுத முடியும் என்பதால், நம்பத்தக்கவை என்று நீங்கள் பட்டியலிடாத கோப்புகளில் குளோன் மாதிரியான பாதுகாப்பான கட்டளைகளை மட்டுமே ஓட விடுகிறது. இது நல்ல புத்தி.

இன்னொன்று, மட்டக்களப்பில் மழைக்காலத்தில் வேலை செய்பவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். கரண்ட் போய், ரூட்டரும் படுத்து, போனின் டேட்டாவும் நொண்டும் நேரத்தில் ‘எம்ஆர் ஒஃப்லைன்’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரலாம். அந்த நேரத்தில் தோற்றுப்போகும் புஷ்களை நினைவில் வைத்துக்கொள்ளும், லைன் வந்தபின் ‘எம்ஆர் ஒன்லைன்’ சொன்னால் அவற்றைத் திரும்ப ஓட்டும். எந்த ஆலையைப் புஷ் பண்ணினோம், எதை விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. உள் ரெப்போக்களை கிட்டின் கண்ணிலிருந்து மறைக்க ‘ஆலைகள்’ ஃபோல்டரை கிட்இக்னோரில் (கிட் கவனிக்க வேண்டாதவற்றின் பட்டியல் கோப்பு) நீங்களேதான் போட வேண்டும், மைரெப்போஸ் அதைச் செய்யாது. கிட் பதியாத கோப்புகளை அழிக்கும் ‘கிட் கிளீன்’ அடிக்கும்போது, கட்டாயப்படுத்தும் எஃப் என்ற தெரிவு ஒன்றாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் ரெப்போக்களைத் தொடாது, ஃபோல்டர்களையும் அழிக்கும் டி, இக்னோர் செய்ததையும் அள்ளும் எக்ஸ் இரண்டோடும் இரண்டு எஃப் போட்டால் கூண்டோடு போய்விடும். இதைப் புதிதாக வருபவருக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். விண்டோஸில் இதோடு மல்லுக்கட்டாதீர்கள், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு உபுண்டுவுக்குள் ஓட்டுங்கள், அங்கே மென்பொருள் நிறுவும் ஆப்ட்டில் ‘மைரெப்போஸ்’ என்ற பெயரிலேயே கிடைக்கும்.

பெரிய குறை, சப்மொடியூல் செய்யும் அந்த ஒரு வேலையை இது செய்யாது: எந்தக் கொமிட்டோடு எந்தக் கொமிட் என்ற கணக்கு இதனிடம் இல்லை. எல்லாமே கிளையின் நுனியில் நிற்கும். ஓர் ஆலைக்குப் புதிய பதிப்பைக் கொண்டுபோய் நிறுவும் முன் நாங்கள் ‘எம்ஆர் ரன்’ வழியாக ஒவ்வொரு ரெப்போவின் தலைக் கொமிட் எண்ணையும் எடுத்து ஒரு கோப்பில் கொட்டி, அதை அந்த ஆலையின் ரெப்போவிலேயே கொமிட் செய்து டேக் (பெயர் அடையாளம்) போட்டு வைக்கிறோம். ஒரு வரி ஷெல் வேலைதான். ஆனாலும் கருவிக்குள்ளேயே இது இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், இப்போதைக்கு நாலு.