ஆக்டோபஸாகப் பிழைக்க: அதிரடி ஆட்டமா, முடிவெடுக்கும் ஆட்டமா?

கடல் ஆய்வுகளை வைத்து ஆக்டோபஸ் வாழ்க்கையை வீடியோ விளையாட்டாக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கைகளை நாமே அசைத்து ஓடி ஒளியும் அதிரடி ஆட்டம். இன்னொன்று, ‘விலாங்கு வருகிறது, என்ன செய்வாய்?’ என்று காட்சிக்குக் காட்சி கேட்டு, நம் பதிலுக்கேற்ப நகரும் ஆட்டம். என் ஓட்டு இரண்டாவதுக்கு.

முதலில் கைகள். 2014-இல் வந்த ‘ஆக்டோடாட்’ விளையாட்டில் நாம்தான் ஆக்டோபஸ்; கை கால்களைத் தனித்தனியாக இயக்க வேண்டும். அந்தத் தடுமாற்றம்தான் சிரிப்பே. நிஜ ஆக்டோபஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. பாறை இடுக்கில் நுழையும் கை, சிக்கியது நண்டா கல்லா என்று உறிஞ்சிகளாலேயே சுவைத்துப் பார்த்துவிடும். ஆகவே ‘துழாவு’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வைக்கும் ஆட்டம்தான் நிஜத்துக்குக் கிட்டே வருகிறது.

நிறம் மாறுவதிலும் அதிரடி ஆட்டம் சறுக்கும். பாறைக்கேற்ற வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அதற்குச் சுலபம். ஆனால் பெரும்பாலான ஆக்டோபஸ்களின் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரே வகைதான். நம்மைப்போல் அவற்றுக்கு வண்ணம் தெரியாது. போதாததற்கு, மோரே விலாங்கு இரவில் மோப்பம் பிடித்தே வரும். அதனிடம் எந்த வேஷமும் பலிக்காது. ஒளிவதா, மை கக்கி ஓடுவதா என்ற கேள்விக்கு அங்கேதான் கனம் கூடுகிறது.

நீச்சலில் மட்டும் அதிரடி ஆட்டத்துக்கே வெற்றி. பீய்ச்சி நீந்தும்போது, மூன்று இதயங்களில் உடலுக்கு இரத்தம் அனுப்பும் இதயம் நின்றுபோகும். பலம் மளமளவென்று இறங்குவதைத் திரையில் பார்த்தால், ஊர்ந்து போவதே மேல் என்று தானாகப் புரியும்.

அப்புறம், முடிவு. செத்தால் தோல்வி என்பது அதிரடி ஆட்டத்தின் சட்டம். தாய் ஆக்டோபஸோ முட்டையிட்டதும் இரையை விட்டுவிட்டு, காவல் காத்தே இறக்கிறது. கலிபோர்னியாவின் மான்டரே பகுதி ஆழ்கடலில் ஒரு தாய் 53 மாதம் அப்படிக் காத்தது. 1977-இல் வெளியான ஆய்வொன்றில், கண்களுக்கிடையே உள்ள ‘பார்வைச் சுரப்பி’களை அகற்றியதும் தாய்கள் முட்டைகளைக் கைவிட்டு மறுபடி இரை தின்றன. அதாவது, இரையை விட வைப்பது அந்தச் சுரப்பிகள்தான். இதைக் காட்ட ஒரு வழி: கடைசிக் கட்டத்தில் நண்டு எதிரே வரும், ‘சாப்பிடு’ பொத்தானும் இருக்கும், அழுத்தினால் வேலை செய்யாது.

முடிவெடுக்கும் ஆட்டத்தின் ஒரே பலவீனம், அடுத்த முறை விடைகள் மனப்பாடமாகியிருக்கும். எந்த எதிரி எப்போது வரும் என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிவிட்டால் சரி.