50 எஃப் 1.4-ஆ, 85 எஃப் 1.8-ஆ: பின்னணியைக் கரைப்பது எது?

முதலில் நான் வாங்கிய கேமரா லென்ஸ் 50 மி.மீ. எஃப் 1.4; முதல் எண் குவியத் தூரம், இரண்டாவது எஃப் எண். பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. எஃப் எண் சின்னதாக ஆக ஆகப் பின்னணி நன்றாகக் கரையும் என்றார்கள், 1.8-ஐ விட 1.4 சின்னது, வாங்கிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து 85 எஃப் 1.8 கைக்கு வந்தபோதுதான், கணக்கில் பாதியைப் போட்டுவிட்டு விடையை எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. இப்போது ஆளைப் படம் எடுப்பதென்றால் கை தானாக 85-க்குப் போகிறது. எனவே இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டும் பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் செய்ய முடியாதவை, இரண்டிலும் கூர்மைக்குக் குறைவில்லை. 50 கூடுதலாக மூன்றில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் தரும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). ஆனால் முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கைக் கொஞ்சம் பெரிதாக்கும்.

இனி மங்கலுக்கு வருவோம். ஒரு மாலை அக்கா மகளை மொட்டை மாடியில் நிற்கவைத்து இரண்டு லென்ஸிலும் எடுத்தேன். அவளுக்குப் பின்னால் இருபது மீட்டர் தள்ளி ஒரு சுவரில் சீரியல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகம் இரண்டு படத்திலும் ஒரே அளவில் வர வேண்டும் என்பதற்காக 50-ஐ வைத்து 1.2 மீட்டரிலும், 85-ஐ வைத்து 2 மீட்டரிலும் நின்றேன். 50-இல் ஒவ்வொரு பல்பும் அவள் கண்ணைவிடக் கொஞ்சம் அகலமான வட்டமாக விழுந்தது. 85-இல் ஏறக்குறைய வாயின் அகலம். “மாமா, இதுலதான் லைட்டெல்லாம் பெரிசா இருக்கு” என்று அவளே சொன்னாள். எஃப் 1.8 தோற்றிருக்க வேண்டிய இடம் அது.

ஏன் தோற்கவில்லை? எஃப் எண் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம் வரும். 50-ஐ 1.4-ஆல் வகுத்தால் சுமார் 36 மி.மீ.; 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மி.மீ. தொலைவில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி, நம் ஆள் நிற்கும் இடத்தில் அளந்தால், கிட்டத்தட்ட இந்தத் துவாரத்தின் அகலத்துக்கே வட்டமாக விரியும். அதாவது லென்ஸை முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் அந்தத் துளையை அப்படியே எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் எவ்வளவு பெரிதாக இருக்குமோ, மங்கல் வட்டமும் அவ்வளவுதான். லென்ஸ் வாங்குகிறவர்கள் எஃப் எண்ணைப் பார்க்கிற நேரத்தில் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிடலாம்.

இதில் என்னை ரொம்ப நாள் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. அதே மொட்டை மாடிப் படங்களில் ஃபோகஸில் கூர்மையாக இருக்கும் ஆழம் 50-இல் ஏறக்குறைய 5 செ.மீ., 85-இல் 6 செ.மீ. ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் சோர்ந்தும் போகிற விபத்து 50-இல்தான் எனக்கு அதிகம் நடந்தது. கூர்மை ஆழமும் குறைவு, பின்னணி மங்கலும் குறைவு! இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் என் தவறு. ஃபோகஸ் தளத்தை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள் நடப்பது வேறு, வெகு பின்னால் நடப்பது வேறு.

ஆனால் “வெகு பின்னால்” என்பதில் ஒரு கொக்கி இருக்கிறது. துவாரத்தின் முழு அகலமும் பலிப்பது பின்னணி தூரமாக இருந்தால்தான். ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அதைத் துவாரத்தின் அகலத்தோடு பெருக்க வேண்டும். இருபது மீட்டர் பின்னால் என்றால் 50-க்கு 34 மி.மீ., 85-க்கு 43. இரண்டு மீட்டர் பின்னால் ஒரு புத்தக அலமாரி என்றால் 22-உம் 24-உம்; வித்தியாசம் கண்ணுக்கே படாது. ஒரு மீட்டரில் சுவர் என்றால் 50 ஒரு நூல் முந்திவிடுகிறது. சின்ன அறையில் 85-ஐ மாட்டிக்கொண்டு சுவரில் முதுகு இடிக்க நிற்பதில் அர்த்தமே இல்லை. வீட்டுக்குள் 50-தான், இதில் எனக்கு மறுபேச்சு கிடையாது.

வெளியே வந்துவிட்டால் 85-க்கு இன்னொரு அனுகூலமும் சேர்ந்துகொள்கிறது. ஃபுல் ஃபிரேமில், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில், 50-இன் கிடைமட்டப் பார்வைக் கோணம் சுமார் 40 பாகை, 85-க்கு 24. 50-இல் குப்பைத் தொட்டி, மின்கம்பி, யாரோ ஒருவரின் முதுகு எல்லாம் மங்கலாகவாவது வந்து நிற்கும். 85-இல் இரண்டடி நகர்ந்து நின்றால் அவற்றில் பாதி சட்டத்துக்கு வெளியே போய்விடும். கரைப்பதைவிட வராமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

வட்டம் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. மங்கலைக் குறிக்கும் போக்கே என்கிற ஜப்பானியச் சொல்லை ஆங்கிலப் புகைப்பட இதழ் ஒன்று 1997-இல் பரப்பியபோது பேசியது மங்கலின் அளவையல்ல, குணத்தை. இலைகளுக்கு இடையே வெயில் பொட்டுப் பொட்டாக விழும் ஒரு புதர்தான் இதற்குச் சரியான பரீட்சை. வட்டத்தின் விளிம்பு நடுவைவிடப் பிரகாசமாக இருந்தால், ஒவ்வொரு கிளையும் இரட்டைக் கோடாகி, பின்னணி நமைச்சல் எடுத்ததுபோல் பரபரக்கும். என் 50-இல் முழுதாகத் திறந்தால் இது நன்றாகவே தெரிகிறது. 85-இல் குறைவு. இரண்டிலுமே மங்கலான பின்னணி விளிம்பில் லேசான பச்சை ஓரம் வருகிறது, முன்னணியில் ஊதா. இது என்னிடம் உள்ள இரண்டு லென்ஸை வைத்துச் சொல்வது. எல்லா 50-உம் இப்படி, எல்லா 85-உம் அப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குணம் என்றதும் ஹீலியோஸ் 44-2 என்கிற லென்ஸ் பற்றிக் கேட்பார்கள். சோவியத் காலத்து 58 மி.மீ. எஃப் 2, பயோட்டார் என்கிற ஜெர்மன் லென்ஸின் வடிவமைப்பை ஒட்டிச் செய்தது. ஆளை நடுவிலும் புதரைப் பின்னாலும் வைத்து எடுத்தால் பின்னணி ஆளைச் சுற்றிச் சுழலும். ஓரங்களில் வட்டங்கள் நசுங்கிப் பூனைக் கண் வடிவமாவதால் வரும் வித்தை அது. துவாரம் 29 மி.மீ.தான், ஆனால் இங்கே அளவைத் தேடி யாரும் வருவதில்லை. இன்றைய கேமராவில் மாட்ட இணைப்பு வளையம் (அடாப்டர்) வேண்டும், ஃபோகஸ் கையால்தான். ஓடுகிற குழந்தையை இதில் பிடிக்க முயன்று நாற்பது படத்தில் மூன்று தேறின. பத்துப் படம் வரை சுழல் அழகு, அதற்குமேல் எனக்குத் தலைசுற்றல்.

135 எஃப் 2-ஐ நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு நாள்தான் வைத்திருந்தேன், அதனால் என் பேச்சுக்கு அதிக எடை தர வேண்டாம். 67 மி.மீ. துவாரம், பின்னணி துணியில் சாயம் இறங்கியதுபோல் ஆகிவிடுகிறது. ஆனால் ஆள் மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும், பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைக்க முடியவில்லை. இரண்டாம் நாள் மணிக்கட்டும் வலித்தது.

கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா வைத்திருப்பவர்களுக்கு: 85 அங்கே ஏறத்தாழ 135-இன் பார்வையைத் தரும், அதே தள்ளி நிற்கும் தொல்லையோடு. 85-இன் இடத்தை அங்கே பிடிப்பது 56 எஃப் 1.2, வகுத்துப் பாருங்கள், அதே 47 மி.மீ. வரும். புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் அலமாரியில் கிடக்கும் 70-300 ஜூமையும் ஒருமுறை எடுங்கள். 300-இல் எஃப் 5.6 என்றால் துவாரம் 54 மி.மீ., என் 85-ஐ விட அதிகம். ஆளை ஏழு மீட்டர் தள்ளி நிறுத்தி, பின்னணியாக ஒரு மைதானத்தின் மறுகோடியைப் பிடித்தால் போதும்.