தூசானா, டெசலினா: ஹைட்டியின் இரண்டு பாதைகள்

கரீபியனில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹைட்டியின் விடுதலைப் போராட்டத்தை வழிநடத்திய இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள்தான். தூசான் லூவெர்த்தூர் குதிரைவண்டி ஓட்டினார். 1791 அடிமைகள் கிளர்ச்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே விடுதலையும் பெற்றுவிட்டார். ஜான்-ஜாக் டெசலினுக்கோ கிளர்ச்சிதான் விடுதலை தந்தது.

தூசானின் வழி, பிரான்ஸுடன் ஒட்டி இருந்துகொண்டே சுயாட்சி பெறுவது. அவருடைய 1801 அரசியலமைப்பு, இந்த மண்ணில் அடிமைகள் இருக்கவே முடியாது என்கிறது. அதே பிரிவு, எல்லா மனிதர்களும் இங்கே 'சுதந்திரமாகவும் பிரெஞ்சுக்காரர்களாகவும்' பிறந்து வாழ்ந்து மடிவார்கள் என்றும் சொல்கிறது. அந்தப் பிரெஞ்சு உறவை நெப்போலியன் மதிக்கவில்லை. படையை அனுப்பினார். 1802 ஜூனில் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து தூசானைக் கைது செய்தார்கள். 1803 ஏப்ரலில் பிரான்ஸின் ஜூரா மலைக் கோட்டைச் சிறையின் குளிரில் அவர் இறந்தார்.

டெசலினும் சில மாதங்கள் பிரெஞ்சுப் படையோடு இருந்தவர்தான். ஆனால் இன்னொரு பிரெஞ்சுக் காலனியான குவாதலூப்பில் அடிமை முறை திரும்பிவிட்ட செய்தி வந்தபின் சமரசத்துக்கு ஏது இடம்? 1803 நவம்பரில் வெர்த்தியேர் போரில் பிரெஞ்சுப் படையை வென்று, 1804 ஜனவரி 1 அன்று முழு விடுதலையை அறிவித்தார். இந்த விஷயத்தில் டெசலின் பக்கமே சரி என்பேன். அதே ஆண்டு அவர் ஆணையிட்ட வெள்ளையர் படுகொலையை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

சரி, தோட்டங்களில் என்ன மாறியது? ஏற்றுமதிக்குச் சர்க்கரையும் காப்பியும் வேண்டும் என்று இருவருமே விடுதலை பெற்ற மக்களைத் தோட்ட வேலைக்குக் கட்டாயப்படுத்தினார்கள். மக்கள் கேட்டதோ சொந்த நிலம்.