சைனஸுக்கு லேபிள் இல்லாத சூரணம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

எனக்கு 11 வருடமாக சைனஸ். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பஞ்சுத் தூசிக்கு நடுவில்தான் பகல் முழுக்க. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், குனிந்தால் நெற்றியில் பாரம், ராத்திரி வாயைத் திறந்துகொண்டு தூக்கம். இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

வீட்டு வைத்தியம் எதையும் விட்டுவைக்கவில்லை. நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு அத்தை ஆவி பிடிக்க வைப்பார். நெற்றியில் சுக்குப் பற்று. விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகை. ஓமத்தைத் துணியில் முடிந்து முகர்வது. எல்லாமே அந்த ராத்திரிக்கு ஒரு சுகம் கொடுக்கும், விடிந்தால் பழையபடி. ஆனாலும் அத்தையின் கை வைத்தியத்தால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. மூலிகை என்றாலே பயமில்லை என்று நான் நம்பியது அப்படித்தான். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

போன ஐப்பசியில் வாசனையே அடியோடு போய்விட்டது. பக்கத்தில் நின்றும் பால் அடிப்பிடித்தது தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, தன் மூட்டுவலியைத் தீர்த்தவர் என்று ஒரு வைத்தியரைச் சொன்னார். போனேன். நாடி பார்த்தார். "கபம் தலைக்கு ஏறிருச்சு அம்மணி, ஒரு மண்டலம் சாப்பிடு, வேரோட போயிரும்" என்றார். 48 நாளுக்கு 3 டப்பா, 6,300 ரூபாய். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. லேபிள் கிடையாது, மூடியில் பேனாவால் 'காலை, இரவு' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன மூலிகை என்றதற்குப் பரம்பரை ரகசியம் என்றார். பில் கேட்டேன். "மருந்துக்கு பில் போட்டா பலிக்காது அம்மணி."

மூன்றாம் நாள் காலை அடுப்படியில் நிற்கிறேன், டிகாக்‌ஷன் வாசனை வருகிறது. எத்தனை மாதம் கழித்து! அங்கேயே நின்று அழுதுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் கம்பெனியில் நாலு பேருக்கு அவர் விலாசத்தைக் கொடுத்தேன். இன்றைக்கும் மனதை அறுப்பது அதுதான்.

அப்புறம் பசி எடுக்க ஆரம்பித்தது. சாதாரணப் பசி இல்லை, ராத்திரி 11 மணிக்கு எழுந்து சோறு போட்டுச் சாப்பிடுவேன். படுத்தால் தூக்கம் வராது. ஒரு மாதத்தில் 6 கிலோ கூடியது. முகம் உருண்டையாகி, கல்யாண மோதிரத்தை சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது. "நல்லா தேறிட்டே" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நினைத்தேன்.

48 நாள் முடிந்து மருந்தை நிறுத்தினேன். ஒரே வாரத்தில் மூக்கு முழுசாக அடைத்துக்கொண்டது, வாசனை மறுபடி போனது. கூடவே எழுந்தால் தலைசுற்றல், குமட்டல், மாடிப்படி ஏற முடியாத அசதி. வைத்தியரிடம் ஓடினால், "தயிர் சாப்பிட்டிருப்பே, பத்தியம் முறிஞ்சிருச்சு" என்று என் மேலேயே பழியைப் போட்டு இன்னொரு மண்டலத்துக்கு 7,500 கேட்டார். நான் தயிரைத் தொடவே இல்லை. வாங்காமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். மீதமிருந்த சூரணத்தை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தார். பழுப்புப் பொடிக்கு நடுவில் மாவு போல வெள்ளைத் துகள்கள். கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்று, காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்து, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மிகவும் குறைவாக இருந்தது. சாப்பிட்ட பிறகு சர்க்கரை 246. எனக்கு அதுவரை சர்க்கரையே கிடையாது. சூரணத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள் போல, வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும், அதைத் திடீரென நிறுத்தியதால்தான் இந்த அசதியும் தலைசுற்றலும் என்றார். அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாமாம். சிடி ஸ்கேனில் மூக்கின் இரண்டு பக்கமும் சதை வளர்ந்திருந்தது. ஸ்டீராய்டு அந்தச் சதையைச் சுருக்கும், அதனால்தான் மூன்றே நாளில் வாசனை வந்தது. வேரோடு எதுவும் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு, டாக்டர் தந்த மூக்கு ஸ்பிரேயை யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலும் ஸ்டீராய்டு உண்டு, ஆனால் அளவு சிறியது, மூக்கோடு வேலை செய்வது. இப்போது நானும் அதைத்தான் அடிக்கிறேன். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுகிறேன், வீட்டு முறைகளில் எனக்கு நிஜமாக உதவுவது இது ஒன்றுதான். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-ல் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்டுக் கழுவிய இரண்டு பேர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்திருக்கிறார்கள்.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது, முறையாகப் படித்துப் பதிவு செய்தவர்கள் எத்தனையோ பேர். கடையில் விற்கும் சித்த மருந்து டப்பாவில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். என் டப்பாவில் அதில் ஒன்றுகூட இல்லை என்பதை முதல் நாளே பார்த்தேன். பார்த்தும் வாங்கினேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு டப்பாவோடு புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நீங்களும் பேசலாம்.

விலாசம் கொடுத்த நாலு பேரிடமும் சொல்லிவிட்டேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன்: சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டப்பாவை எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் டப்பாவை நேற்றுதான் பார்த்தேன். மூட்டுவலிக்கு அவர் 7 மாதமாகச் சாப்பிடுவதும் அதே வெள்ளை டப்பா, அதே பொடி. அவர் முகமும் உருண்டையாகத்தான் இருக்கிறது. நாளைக் காலை அவரை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.