ஆறு தீபாவளி, நாற்பது அட்டைகள்

ஆறு ஆண்டுகளாக வீட்டு வாழ்த்து அட்டைகளை நானே தயாரிக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாற்பது நாற்பது. முதல் தீபாவளி அட்டை இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் அக்கா போட்ட கோலமும் நான்கு அகல்விளக்குகளும்தான் படம். கைப்பேசியில் தகதகவென்றிருந்தது, தாளில் கரிபிடித்த சட்டியாக வந்தது.

குற்றம் அச்சுப்பொறியின் மீது இல்லை. திரை தானே ஒளிர்கிறது. தாளோ அறை வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. இப்போதெல்லாம் திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்துவிட்டுத்தான் படத்தைத் திருத்துகிறேன். நிழல் பகுதிகளைச் சற்றே வெளுத்ததாகத் தோன்றும்வரை உயர்த்துவேன். சிராங்கூன் ரோடு அலங்கார விளக்குகளின் மின்னும் ஊதாவும் பச்சையும் நான்கு மைகளில் அப்படியே வராது. அந்த ஆசையை விட்டு நாளாகிறது.

அஞ்சலட்டை அளவான ஏ6 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1748-க்கு 1240 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைப் பாதியாக வெட்டினால் அது போதாமல் போகும். அக்காவிடம் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, கோப்பாக அனுப்பு என்று ஆண்டுதோறும் சொல்கிறேன். ஆண்டுதோறும் படமாகவே வருகிறது.

வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறி, மாதிரி அச்சு எடுத்துப் பார்க்க மட்டும். வாரம் ஒரு வண்ணப் பக்கம் அச்சிடாவிட்டால் மைத்துளை அடைத்து முகத்தின் குறுக்கே கோடு விழும். நம்மூர் ஈரப்பதத்தில் பிரித்து வைத்த தாளும் சுருளும். அட்டைகளைக் கடையில் கொடுத்து 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத மேட் தாளில் அடிப்பதே மேல். பளபளப்புத் தாளில் பேனா மை ஒட்டாது. வெட்டும்போது ஓரம் போகும் என்பதால் படம் நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும்.

ஒருமுறை கடைக் கணினியில் ‘பொங்கல்’ குலைந்தது. கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய், புள்ளி வட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாதிரி பார்க்காமல் நாற்பதையும் வாங்கி வந்துவிட்டேன். “இது என்ன மொழிப்பா?” என்றார் பெரியப்பா. அதிலிருந்து எழுத்துகளை, எழுத்துரு தேவைப்படாத வடிவக்கோடுகளாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கித்தான் கொடுக்கிறேன்.

இன்னும் பிடிபடாதது சரிகை. அக்காவின் பட்டுச் சேலை எப்படித் திருத்தினாலும் கடுகு நிறத்திலேயே விழுகிறது. இந்த ஆண்டு தங்கநிற மைப்பேனா வாங்கியிருக்கிறேன். நாற்பது கரையையும் கையால் வரைய வேண்டும்.