3-இன்-1 மண் மீட்டர்: தொட்டி மாற்றிய செடிக்கு இது உதவுமா?

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் வாங்கும் முதல் கருவி பெரும்பாலும் இதுதான். பிளாஸ்டிக் தலை, கீழே இரண்டு கம்பி, ஈரம், வெளிச்சம், பி.எச். (மண்ணின் புளிப்பு-கார அளவு; 7 நடுநிலை, குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம்) என்று தள்ளிக்கொள்ள ஒரு சுவிட்ச். ஆன்லைனில் 300 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேட்டரி வேண்டாம் என்பதைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். சிக்கல் ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான்.

பேட்டரி இல்லாமல் முள் எப்படி ஆடுகிறது? இரண்டு கம்பியும் வெவ்வேறு உலோகம். ஈர மண்ணில் செருகியதும் அதுவே ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகிறது. அதில் ஓடும் மின்சாரத்தைத்தான் முள் காட்டுகிறது. மண்ணில் ஈரம் கூடினாலும் ஓட்டம் கூடும், உப்பு கூடினாலும் கூடும். கம்பியைச் சுற்றி மண் இறுகியிருக்கிறதா, பொலபொலவென்று இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். இத்தனையும் கலந்து வரும் ஒரே ஓட்டத்தை, சுவிட்சைத் தள்ளியதும் பி.எச். என்று வாசிக்கச் சொல்கிறார்கள். காய்ந்த மண்ணில் முள் பெரும்பாலும் 7-ஐ ஒட்டியே நிற்கும். ‘என் மண் 7, அருமை’ என்று பலர் திருப்தியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பி.எச். பார்க்க இந்தக் கருவி ஆகாது.

பி.எச். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் பேனா மாதிரி டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். கூடவே 4.01, 6.86 பஃபர் (மீட்டரைச் சரிபார்க்க உதவும், பி.எச். தெரிந்த கரைசல்) பொடிப் பொட்டலங்கள் வரும். பொட்டலத்தை 250 மி.லி. பேட்டரி தண்ணீரில், அதாவது உப்பு நீக்கிய தண்ணீரில், கரைக்க வேண்டும் (கடையில் கேட்கும்போது தண்ணீர் என்று அழுத்திச் சொல்லுங்கள், பேட்டரி ஆசிட் வேறு). முதலில் 6.86-இலும் பிறகு 4.01-இலும் சரிபார்த்துக்கொண்டால் தொட்டிக் கலவைக்குப் போதும். பேனாவை நேராக மண்ணில் குத்தினால் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் போய்விடும். வேர் இருக்கும் ஆழத்திலிருந்து 20 கிராம் மண் எடுத்து 50 மி.லி. பேட்டரி தண்ணீரில் போடுங்கள். அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு, கலங்கலில் முனையை வைத்து எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து படியுங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகமுள்ள கலவை எடையில்லாதது, அதற்கு ஒரு கப் கலவைக்கு இரண்டு கப் தண்ணீர் என்று அளவு வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழுவி, மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு விட்டு மூட வேண்டும். குமிழ் காய்ந்தாலும் கெடும், வெறும் பேட்டரி தண்ணீரில் ஊறப் போட்டாலும் கெடும். பேனா மீட்டருக்கு ஒரு நட்சத்திரம் போட்டுப் புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பராமரிப்பைச் செய்யாதவர்கள் என்றுதான் தோன்றுகிறது.

அளந்த எண்ணை என்ன செய்வது? தொட்டியில் வளரும் ரோஜா, எலுமிச்சை, மிளகாய், தக்காளி எல்லாவற்றுக்கும் 6 முதல் 6.5 வரை நல்லது. 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். புதுக் கலவை ஆரம்பத்தில் சரியாகவே இருக்கும். அதை மெல்ல மெல்லக் காரமாக்குவது நாம் ஊற்றும் போர் தண்ணீரிலுள்ள பைகார்பனேட். தண்ணீரின் பி.எச். எண்ணைவிட இதன் அளவுதான் முக்கியம். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் என்றால் பைகார்பனேட் நிறைய இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட தண்ணீருக்கு, 10 லிட்டருக்கு 2 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டுக் கலக்கி, பேனாவில் அளந்து, 6.5 வரும் வரை அரை அரை கிராமாகக் கூட்டுங்கள். இதன் பலன் நீடிக்காது, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டியிருக்கும். மண்ணின் பி.எச்.-ஐயே இறக்க வேண்டுமானால் கந்தகத் தூள், 10 லிட்டர் கலவைக்கு 5 கிராம். பாக்டீரியா அதை அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும். ஒரு வாரத்தில் எண் இறங்கவில்லையே என்று இன்னொரு கரண்டி போட்டால், இரண்டும் சேர்ந்து பிறகு வேரைச் சுடும். மஞ்சளித்த இலைக்கு உடனடி உதவி வேண்டுமென்றால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் எலுமிச்சை உப்பும் கலந்து மாலையில் தெளிக்கலாம். காபிச் சக்கையைப் பலரும் சொல்வார்கள். டிகாக்‌ஷன் இறக்கியபோதே புளிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது.

இனி 3-இன்-1-இன் ஈர முள். ஒரு டம்ளர் பேட்டரி தண்ணீரில் கம்பியை முக்குங்கள். முழுக்கத் தண்ணீர்தான், ஆனாலும் முள் உலர்ந்த பக்கமே கிடக்கும். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் ஈரத்தின் கடைசிக்கு ஓடும். அதாவது உரம் போட்ட மறுநாளோ, சரியாகக் கழுவாத கோகோபீட்டிலோ இது காட்டும் ‘ஈரம்’ பாதி உப்பு. ஆனால் ஒரே தொட்டியில், ஒரே ஆழத்தில், நேற்றைக்கு இன்று எவ்வளவு இறங்கியது என்று பார்க்க உதவும். எண்ணாகப் படிக்காமல் ஏற்ற இறக்கமாக மட்டும் படியுங்கள்.

தொட்டி மாற்றிய செடியில் எங்கே குத்துகிறோம் என்பதில்தான் ஏமாற்றமே. நர்சரி ரோஜா கறுப்புக் கவரில் கெட்டிச் செம்மண் உருண்டையோடு வரும். அதைத் தாய்மண் உடையாமல் கோகோபீட், மண்புழு உரக் கலவையில் வைக்கிறோம். ஊற்றும் தண்ணீர் பொலபொலப்பான புதுக் கலவை வழியாக இறங்கி ஓடிவிடும். உருண்டை உள்ளே காய்ந்து கல்லாகும். வேர் அத்தனையும் அந்த உருண்டைக்குள்தான். ஓரத்தில் மீட்டரைக் குத்தினால் ‘நல்ல ஈரம்’ என்கிறது, செடியோ வாடுகிறது. எனவே முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அளக்க வேண்டிய இடம் தண்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, பழைய உருண்டைக்குள். கம்பி இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள், வளைந்துவிடும். இறங்கவில்லை என்பதே உருண்டை காய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

நட்ட அன்று சாயங்காலம், அடித்துளையில் வழியும் வரை மெதுவாக, இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். உருண்டை முன்பே காய்ந்திருந்தால், நடும் முன் அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் முக்கிவைப்பது நல்லது. பிறகு ஒரு வாரம் வெயில் நேராகப் படாத இடம், இரண்டு வாரம் உரம் கிடையாது. அதன்பின் தண்டை ஒட்டிக் கொஞ்சமாக அடிக்கடியும், தொட்டி முழுக்க நனையும்படி எப்போதாவதும் ஊற்றினால் வேர் வெளியே தேடிப் போகும். தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேர் இல்லாத கலவை நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகல் வரும். அடியில் ஜல்லி போடுவதும் உதவாது, சதசதப்பு ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான்.

இதே விலைக்கு ஒரு கொக்கி வைத்த லக்கேஜ் தராசு வாங்கலாம். தண்ணீர் விட்டு வடிந்த பின் தொட்டியைக் கயிறு கட்டித் தூக்கி எடை போட்டுத் தொட்டியிலேயே எழுதிவையுங்கள். 10 லிட்டர் தொட்டி 8 கிலோ இருந்தால், 6.5-க்கு வந்ததும் அடுத்த தண்ணீர். உப்பு, உலோகம், கம்பி எதுவும் இந்தக் கணக்கைக் குழப்பாது. எடை குறையாமல், உருண்டையும் ஈரமாக இருந்தே செடி வாடி நின்றால் வேருக்குத்தான் அடிபட்டிருக்கிறது. அப்போது தண்ணீரை நிறுத்தி, நிழலில் வைத்து, இலையில் மட்டும் லேசாகத் தெளித்துவிடுங்கள்.